ஆங்கிலக் கோவிலின் ஊத்தை

ஜெர்மனியில் எதற்கும் சட்டம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஊத்தைக்கும் சட்டம் உண்டு, அந்த ஊத்தையைத் துடைத்தவன் பெற்ற மகளின் கலியாணத்தையே பறிகொடுக்க நேரிடும் என்பது, உலகக் கிண்ணக் கால்பந்து நடந்து முடிந்த அந்தக் கோடை வரைக்கும் ஸ்ரனிஸ்லாசுக்குத் தெரியாது. பாவம் மனுசன். பிஸ்கற் தொழிற்சாலையில் சூளைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர். சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைத் தொட்டிக்குள் போட்டுச் சத்தம் எழுப்பக் கூடாது, இந்த இரண்டும்தான் அவருக்குத் தெரிந்த சட்டம்.

ஊர் ஹெல்டர்பாட். கொலோனில் ரயில் ஏறி, இறங்கி, பிறகு பஸ்சுக்குக் காவல் நின்று போக வேண்டிய சின்னச் சந்தை நகரம். நடுவில் ஒரு சதுக்கம், சனிக்கிழமை அதில் சந்தை கூடும். சதுக்கத்தின் ஒரு பக்கம் படியேறிப் போனால் ஆங்கிலக் கோவில். விக்ரோரியா மகாராணி காலத்தில், இந்த ஊரின் கந்தகத் தண்ணீரைக் குடித்தால் வயிறு சுத்தமாகும் என்று நம்பி மாதக்கணக்கில் வந்து கிடந்த ஆங்கிலேயர்கள், தங்கள் ஊர்ப் பாணியிலேயே கூரிய கோபுரமும் வண்ணக் கண்ணாடியுமாக அதைக் கட்டினார்கள். முதலாம் யுத்தம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு நகரசபை அந்தக் கோவிலுக்குள் நிலக்கரி அடுக்கியது, உருளைக்கிழங்கு அடுக்கியது, இரண்டாம் யுத்தத்தில் காயப்பட்டவர்களை அடுக்கியது. அடுக்க ஒன்றும் இல்லாத காலத்தில் பூட்டி வைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கச் சனம் மாதத்துக்கு ஒரு தமிழ்ப் பூசைக்கு இடம் கேட்டுப் போய் நின்றபோது, அதுவரை புறாக்களுக்கு விட்டிருந்த கட்டடத்தை இவர்களுக்கும் கொஞ்சம் விட்டது.

இந்தக் கட்டடத்தின் வரலாற்றை எழுதியவர் டொக்டர் ஹாகன்கோட்டர். ஓய்வுபெற்ற பல்வைத்தியர். வாழ்நாள் முழுவதும் அடுத்தவன் பல்லில் ஊத்தை சுரண்டிச் சம்பாதித்துவிட்டு, இளைப்பாறியதும் நகர வரலாற்றுச் சங்கத்துக்குத் தலைவராகி, கோவிலைப்பற்றி மூன்று தடித்த புத்தகம் எழுதினார். இரண்டாவது புத்தகம் முழுக்க ஒரு கழுகைப்பற்றி. வேதாகமத்தை விரித்து வைத்து வாசிப்பதற்காக, இறக்கை விரித்த கழுகு வடிவில் ஆளுயரத் தாங்கி ஒன்று கோவிலுக்குள் நின்றது. கன்னங்கரேல் என்று இருக்கும். தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் பெண்சாதியைப் பறிகொடுத்த ஒரு ஆங்கிலப் பிரபு, துக்கம் தாங்காமல் கறுப்பு இரும்பில் வார்ப்பித்த கழுகு அது என்று டொக்டர் நிறுவியிருந்தார். உலகத்திலேயே ஒரே ஒரு துக்கக் கழுகு! நகரசபையும் அதை அப்படியே நம்பி, கறுப்புக் கழுகைத் தேநீர்க் கோப்பையிலும் குடையிலும் அச்சடித்து விற்றது.

ஸ்ரனிஸ்லாசுக்கும் மனைவி இமெல்டாவுக்கும் கழுகோடு ஒரு சோலியும் இல்லை. அவர்களுக்கு அங்கே இருந்தது மாதா. பக்கச் சுவரில் வெறுமையாகக் கிடந்த மாடத்தில், இமெல்டாவின் தம்பி கொழும்பிலிருந்து சூட்கேசுக்குள் சேலைகளுக்கு நடுவே பொத்திக்கொண்டு வந்த மடுமாதா சுரூபம். மகள் ஜெசிந்தா சின்னப்பிள்ளையாக மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, “பிள்ளை எழும்பி நடந்தால் உன்ர காலடியிலதான் தாயே அவளுக்குத் தாலி ஏறும்” என்று இமெல்டா நேர்த்தி வைத்தாள். பிள்ளை எழும்பி நடந்தது, ஓடியது, படித்து வங்கியில் வேலையும் எடுத்தது. பாரிசில் ஒரு நல்ல பொடியனையும் தானே பார்த்துக்கொண்டது. செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை கலியாணம். மண்டபம் பிடித்தாயிற்று, அழைப்பிதழ் கனடா வரைக்கும் போய்ச் சேர்ந்தாயிற்று. வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் நேர்த்தியை இமெல்டா விட்டுக்கொடுக்க மாட்டாள்.

கலியாணம் நடக்கிற கோவிலைத் துப்புரவாக்க வேண்டாமா? இலங்கைச் சனத்துக்கு அதற்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. பள்ளிக்கூடமோ கிணறோ சுடலையோ, பொது இடம் எதுவானாலும் ஊரே ஒன்றுசேர்ந்து சம்பளம் இல்லாமல் இறங்கி வேலை செய்யும். சிரமதானம் என்று பெயர். ஓகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை, பெண்கள் வாளியோடும் ஆண்கள் ஏணியோடும் கோவிலுக்குள் இறங்கினார்கள். தமிழ்ச் சங்கச் செயலாளர் சிவகுருநாதன் சைவ சமயக்காரன், ஆனாலும் சிரமதானம் என்றால் அவன்தான் முதல் ஆள். காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்து விட்டுக்கொண்டு, கூரையில் தொங்கிய ஒட்டடைக்கெல்லாம் தும்புத்தடியால் ஒரு வழி பண்ணினான்.

இமெல்டா பீடத்து மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கடந்து ஏணியோடு போன ஒருவன் வாளியைத் தட்டிவிட, புளித்தண்ணீர் கழுகின் காலில் கொட்டியது. துடைத்துப் பார்த்தால் நகம் மஞ்சளாகப் பளபளத்தது.

“இஞ்ச பாருங்கோ, இது பித்தளையெல்லோ!” என்று இமெல்டா கூவினாள்.

பிறகு சொல்ல வேண்டுமா? பித்தளை என்று தெரிந்த பிறகு அதை ஊத்தையாக விட்டுப்போக யாழ்ப்பாணத்துப் பொம்பிளைகளால் முடியுமா? வீட்டுக்கு ஆள் அனுப்பிப் புளி எடுப்பித்தார்கள். ஆளுக்கொரு இறக்கையில் ஏறி உரஞ்சினார்கள். வயிற்றின் கீழ்ப்பக்கம் மட்டும் கை எட்டவில்லை, மற்றதெல்லாம் பொன் மாதிரி மின்னியது. ஒவ்வொரு சிறகும் தனித்தனியாகத் தெரிந்தது. கழுகுக்குக் கண் இருப்பதே அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஸ்ரனிஸ்லாசுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வந்த நாட்டுக்கு ஏதோ ஒரு நன்மை செய்துவிட்டோம் என்று மனுசன் அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டார்.

திங்கட்கிழமை தொலைபேசி அடித்தது. மாவட்ட நினைவுச்சின்னப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஃபிரவ், அதாவது திருமதி, வீசன்பிரிங்க் என்ற அதிகாரி. கழுகு விஷயமாக உடனே கோவிலுக்கு வரட்டாம். ஸ்ரனிஸ்லாசுக்கு வாயெல்லாம் பல்.

“இமெல்டா, நன்றி சொல்லக் கூப்பிடுகினம் போல கிடக்கு. வெறுங்கையோட போகேலாது. உந்த றோல்ஸில கொஞ்சம் கட்டித் தாரும்.”

சேர்ட் மாற்றி, தலை இழுத்து, சுடச்சுட மட்டன் றோல்ஸ் பார்சலோடு போனால், கோவில் வாசலில் கொலை நடந்த வீடு மாதிரிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. உள்ளே ஃபிரவ் வீசன்பிரிங்க் வெள்ளைக் கையுறையோடு நின்றார். ஒரு மர வாங்கில் உட்கார்ந்து டொக்டர் ஹாகன்கோட்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். றோல்ஸ் பார்சலைப் படிக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். எண்ணெய் ஆவி கட்டடத்துக்குக் கூடாதாம்.

“இதைச் செய்தது யார்?” என்று அதிகாரி கேட்டார்.

“நாங்கள்தான்,” என்றார் ஸ்ரனிஸ்லாஸ், வெட்கத்தோடு. “எல்லாரும் சேர்ந்து செய்தனாங்கள். காசு ஒண்டும் வேண்டாம்.”

“எந்த இரசாயனத்தால்?”

“புளி.”

“அது என்ன அமிலம்?”

“அமிலம் இல்லை அம்மா, சாப்பிடுறது. மீன் குழம்புக்கு விடுறது.”

“கழுகை உணவுப் பொருளால் தாக்கியிருக்கிறீர்கள்,” என்று சொல்லியபடி அவர் எழுதிக்கொண்டார். “அகற்றிய அழுக்கு எங்கே?”

“துணியில கிடந்தது.”

“துணியைக் கொண்டுவாருங்கள்.”

“அதை இமெல்டா தோய்ச்சுப்போட்டா.”

டொக்டர் ஹாகன்கோட்டரின் வாயிலிருந்து, மயக்க ஊசி போடாமல் பல் பிடுங்கப்பட்டவன் போடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. “எத்தனை பாகைச் சூட்டில் தோய்த்தார்?” என்று நடுங்கிக்கொண்டு கேட்டார்.

“அறுபதில.”

“அறுபது!” டொக்டர் திரும்பவும் முகத்தைப் பொத்தினார். “போயிற்று. எல்லாம் போயிற்று.”

ஃபிரவ் வீசன்பிரிங்க் பொறுமையாக விளக்கினார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். “நீங்கள் எடுத்தது அழுக்கல்ல, திரு ஸ்ரனிஸ்லாஸ். ஒரு நூற்றாண்டின் சாட்சி. சுத்தம் என்பது எவரும் ஒரு சனிக்கிழமையில் செய்துவிடக்கூடிய காரியம். ஆனால் அந்த அழுக்கை உருவாக்குவதற்கு எங்கள் அலுவலகம் எத்தனை தலைமுறையாக எதுவுமே செய்யாமல் இருந்தது தெரியுமா? இடைவிடாத உழைப்பு அது.”

“கழுகு நல்ல வடிவா இருக்குதே அம்மா. பித்தளை.”

“இரும்பு,” என்றார் டொக்டர்.

“இல்லை டொக்டர், பாருங்கோ, மஞ்சளாக் கிடக்கு.”

“இரும்பு என்று நான் எழுதியிருக்கிறேன். இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது.”

அதோடு கோவில் பூட்டப்பட்டது. பழைய அழுக்கு பழைய இடத்துக்குத் திரும்பி வரும்வரைக்கும் பூசை இல்லை, கலியாணம் இல்லை. விசாரணை முடியும்வரை உள்ளே இருக்கிற எதுவும், ஒரு மெழுகுதிரிக் கட்டைகூட, வெளியே போகக் கூடாது. படியில் வைத்த றோல்ஸை யாரோ குப்பைத் தொட்டியில் போட்டிருந்தார்கள்.

பூசை வைக்கக் கொலோனிலிருந்து வருகிற சுவாமி நல்ல மனுசன். ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் ஒரு மணித்தியாலம் கேட்டுப் பார்ப்போம் என்றார். இமெல்டா கேட்டாள்: “அங்க மாதா இருக்கிறாவோ சுவாமி? என்ர மாதாவைப் பூட்டி வைச்சிருக்கினம். சொன்ன சொல்லை மாத்திறதுக்கு அவ என்ன கந்தோர்க்காரியோ?”

பிறகு ஸ்ரனிஸ்லாஸ் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. வேலையில் லீவு போட்டுவிட்டு டெர்மின் என்று முன்கூட்டியே நேரம் எடுத்துப் போனால், கட்டடப் பகுதி கலாசாரப் பகுதிக்குக் கைகாட்டியது. கலாசாரப் பகுதி சுற்றாடல் பகுதிக்கு அனுப்பியது. சுற்றாடல் பகுதியில் ஒரு இளம் பெண், அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டாள். வாசல் கானுக்குள் என்றார். அப்படியானால் வரலாற்றை அனுமதி இல்லாமல் பொதுச் சாக்கடையில் விட்ட குற்றமும் இருக்கிறது என்று அவள் பவ்வியமாகச் சொன்னாள். முசுப்பாத்தியாகச் சொல்கிறாள் என்று நினைத்து ஸ்ரனிஸ்லாஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கடைசியில் நகரசபை மண்டபத்தில் பகிரங்க விசாரணை வைத்தார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது. நகரபிதா எழும்பி, “அழுக்கில்லாத நகரம் நினைவில்லாத நகரம்” என்று தொடங்கிப் பேசினார். தன் ஆட்சிக்காலத்தில் இந்த நகரத்தில் எந்தப் பழைய விஷயத்திலும் கைவைக்கப்படவில்லை, புதிதாகவும் எதுவும் செய்யப்படவில்லை என்று பெருமையோடு சொன்னார். சனம் கைதட்டியது. பிறகு டிரெஸ்டனிலிருந்து அழைக்கப்பட்ட நிபுணர் ஒருவர் வந்தார். புளி எட்டாத கழுகின் அடிவயிற்றில் கொஞ்சம் ஊத்தை சுரண்டி, அதைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார். ஊத்தையைக் கண்டதும் முன்வரிசையில் ஒரு மனுசி கண்ணைத் துடைத்தாள்.

நிபுணர் ஒரு கோலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். ஆகக் கீழே ஆங்கிலச் சீமாட்டிகளின் மெழுகுதிரிப் புகை. அதற்கு மேல் நிலக்கரித் தூள். அதற்கு மேல் உருளைக்கிழங்கு மண். அதற்கு மேல் காயப்பட்ட சிப்பாய்கள் ஊதித் தள்ளிய புகையிலைப் புகை. “ஆக மேலே மெல்லியதாக இன்னொரு படை இருக்கிறது. மெழுகுதிரி, சாம்பிராணி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.”

ஸ்ரனிஸ்லாசுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார். “அது நாங்கள்! அது எங்கட பூசைப் புகை! அப்ப அந்த வரலாற்றில நாங்களும் இருக்கிறமெல்லோ?”

ஃபிரவ் வீசன்பிரிங்க் நிபுணரைப் பார்த்தார், நிபுணர் தன் கோலைப் பார்த்தார்.

“அந்தப் படை அழுக்கு,” என்றார் ஃபிரவ் வீசன்பிரிங்க்.

“கீழ கிடக்கிறது?”

“அது வரலாறு.”

“ரெண்டும் புகைதானே அம்மா?”

இப்போது டொக்டர் ஹாகன்கோட்டர் எழுந்தார். அன்றைக்குத்தான் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. “நண்பரே, இதில் எந்த வன்மமும் இல்லை. அறிவியல் மட்டும்தான். வரலாறு என்பது போய்விட்டவர்கள் விட்டுச் சென்றது. ஆங்கிலேயர் போய்விட்டார்கள். சிப்பாய்கள் போய்விட்டார்கள். நீங்கள்தான் இன்னும் போகவில்லையே!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எல்லாரும் தட்டுகிறார்களே என்று ஸ்ரனிஸ்லாசும் தட்டினார். பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் என்ன சொல்லப்பட்டது, தான் எதற்குத் தட்டினோம் என்பது மண்டையில் ஏறியது. அந்தக் கைகளைச் சேர்ட்டில் துடைத்துக்கொண்டார். தன்னிலேயே ஒரு அருவருப்பு வந்தது.

அழுக்கைத் திருப்பிப் பூச நகரசபை நிதி ஒதுக்கியது. பிள்ளைகளின் நீச்சல் தடாகத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த நிதி அது. நிபுணர் திராவகம் ஒன்றைத் தடவினார், கழுகு பச்சையானது. வேறொன்றைத் தடவினார், கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. டொக்டர் ஹாகன்கோட்டர் தினமும் வந்து பார்த்து, தலையிலடித்துக்கொண்டு போனார். கலியாண நாள் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்த்த சிவகுருநாதனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “உதுக்கு என்னத்துக்கு நிபுணர்? நாலு தேங்காயெண்ணெய் விளக்கைக் கொளுத்திக் கீழ பிடிச்சால் தன்ர பாட்டில கரி பிடிக்கும்.”

அவன் பகிடிக்குச் சொன்னதை ஜெர்மன்காரர் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டார்கள். அழுக்கை அகற்றிய சமூகமே அழுக்கைத் திருப்பித் தரும் நிகழ்வு உயர்ந்த நல்லிணக்கச் செயல் என்று ஃபிரவ் வீசன்பிரிங்க் அறிவித்தார். ஒழுங்காகச் செய்து தந்தால் குறித்த சனிக்கிழமையிலேயே கலியாணத்துக்கு அனுமதி.

இமெல்டா புருசனோடு கதைப்பதை நிறுத்தினாள். ஒரே ஒரு தரம் மட்டும் சொன்னாள்: “மாதாவின்ர வீட்டைத் துடைச்ச கை இது. இதாலயே கரி பூசச் சொல்லுறியளோ? தூ!”

“பிள்ளைக்காகத்தான் இமெல்டா. உம்மட நேர்த்திக்காகத்தான். வேறை என்ன செய்யச் சொல்லுறீர்?”

வேலை முடிந்து வந்து, பின்னேரங்களில் ஸ்ரனிஸ்லாசும் சிவகுருநாதனும் இன்னும் சில ஆண்களும் விளக்கைப் பிடித்துக்கொண்டு கழுகின் கீழ் குந்தியிருந்தார்கள். புகை தொண்டையை அடைத்தது. இருமினால் கரி சீராகப் படியாது என்று நிபுணர் கண்டித்தார். இமெல்டா உரஞ்சி உரஞ்சி வெளியே கொண்டுவந்த கண் முதலில் மறைந்தது, பிறகு சிறகுகள் மறைந்தன. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது. இந்த நாட்டுக்கு வந்து பாத்திரம் கழுவியிருக்கிறார், கக்கூஸ் கழுவியிருக்கிறார், ஒரு நாளும் ஸ்ரனிஸ்லாசுக்கு இப்படிக் கூசியதில்லை. சுத்தமாக இருக்கிற ஒரு பொருளை அசிங்கமாக்குவதற்காகக் கைகட்டி உத்தரவு கேட்டு நிற்கிறோமே என்று எண்ணிக்கொண்டு விளக்கைப் பிடித்தார்.

பரிசோதனைக் குழு பூதக்கண்ணாடியோடு வந்தது. நிபுணர் முகர்ந்து பார்த்தார். “பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி. சந்தேகமே இல்லை,” என்றார். டொக்டர் ஹாகன்கோட்டர் கழுகின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினார். அவருடைய கன்னத்தில் கரி ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கப் போன உதவியாளரை, “தொடாதே!” என்று ஃபிரவ் வீசன்பிரிங்க் அதட்டினார்.

கலியாணச் சனிக்கிழமை வந்தது. காலையில் கழுகு மீள்திறப்பு விழா, அது முடிந்ததும் கலியாணம் என்று ஒழுங்கு. பாரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த சனம் பட்டும் நகையுமாகச் சந்தைக்குள் குவிந்தது. உருளைக்கிழங்கு வியாபாரிகளும் பாற்கட்டிக்காரிகளும் வேலையை விட்டுவிட்டு ஜெசிந்தாவின் வெள்ளைச் சேலையை ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோவிலுக்குள் பிரமுகர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டேயிருந்தார்கள். பித்தளை வாத்தியக்குழு ஊதியது. ஒரு வழியாகக் கதவு திறந்து எல்லாரும் சிவந்த முகத்தோடு, கையில் மதுக் கிண்ணத்தோடு, வெளியே வந்தார்கள்.

ஸ்ரனிஸ்லாஸ் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். வாசலில் ஃபிரவ் வீசன்பிரிங்க் கையில் ஒரு சின்னக் கருவியோடு நின்றார்.

“மன்னிக்கவும். புதிய அழுக்கு மிக மென்மையானது. ஈரக்காற்றுப் பட்டால் உரியும். அதனால் ஒரு நாளைக்கு உள்ளே எவ்வளவு மூச்சு விடலாம் என்று அளவு வைத்திருக்கிறோம். விழாவில் கிட்டத்தட்ட முழுவதும் முடிந்துவிட்டது.”

“என்ன முடிஞ்சுது?”

“இன்றைய மூச்சு.” அவர் கருவியைப் பார்த்தார். “ஒன்பது பேருக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. சுருக்கமாக முடித்தால்.”

பாருங்கள் இந்த மனுசனை, அப்போதும் ஸ்ரனிஸ்லாசுக்குக் கோபம் வரவில்லை. நின்ற நிலையிலேயே விரலை மடித்து எண்ணத் தொடங்கினார். மாப்பிள்ளை, பொம்பிளை, சுவாமி, மாப்பிள்ளையின் தாய் தகப்பன், சாட்சிக்கு ரெண்டு பேர், இமெல்டா, நான். சரியாக வருகிறது!

“கண்காணிப்பதற்கு நானும் டொக்டர் ஹாகன்கோட்டரும் உள்ளே இருக்க வேண்டும்,” என்றார் ஃபிரவ் வீசன்பிரிங்க். “நாங்களும் மூச்சு விடுவோம்.”

இரண்டு பேர் குறைய வேண்டும். ஸ்ரனிஸ்லாஸ் மடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்த விரலை நிமிர்த்துவது?

“நான் வெளியில நிக்கிறன்,” என்றாள் இமெல்டா. மெல்லிய குரல். “நேர்த்தி பிள்ளைக்குத்தானே வைச்சது. மாதாவின்ர காலடியில பிள்ளை நிண்டால் போதும். நான் பாக்கவேணும் எண்டு ஒண்டும் நான் கேக்கேல்லை. நீங்களும் வாங்கோ, படியில நிப்பம்.”

பிள்ளைக்காக மருந்து மணத்துக்குள் இரவிரவாக முழித்திருந்தவள். அந்தப் பிள்ளைக்குத் தாலி ஏறுகிற நேரம், ஊத்தைக்கு நோகக் கூடாது என்று வெளியே நிற்கிறாளாம். ஜெசிந்தா “அம்மா!” என்று விசும்பினாள். அந்த விசும்பலில்தான் ஸ்ரனிஸ்லாசுக்குள் ஏதோ அறுந்தது. இத்தனை நாளும் விழுங்கிய கரி முழுவதும் தொண்டைக்கு வந்தது. படியின் ஓரத்துக்குப் போய்க் காறித் துப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஃபிரவ் வீசன்பிரிங்க், மாதா மூச்சு விடுவாவோ?”

“யார்?”

“உள்ள மாடத்தில நிக்கிற சுரூபம். அது உங்கட வரலாற்றில இருக்குதோ?”

ஃபிரவ் வீசன்பிரிங்க் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் தன் மூன்றாவது புத்தகத்தின் பின்னிணைப்பைப் புரட்டினார். தூண், வாங்கு, கண்ணாடி, ஆணி எல்லாம் இருந்தன. “இல்லை. அது பிற்காலத்துப் பிளாஸ்ரர். மதிப்பற்றது. விசாரணையும் முடிந்துவிட்டது, விரும்பினால் எடுத்துப் போகலாம். எங்களுக்கும் அது நல்லது.”

“நன்றி,” என்றார் ஸ்ரனிஸ்லாஸ். அந்த நாட்டில் அவர் மனதாரச் சொன்ன நன்றிகளில் அதுவும் ஒன்று.

தனியாக உள்ளே போனார். ஒரு ஆளுக்குரிய மூச்சைத்தான் விட்டார். சுரூபத்தைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு, கறுத்துப்போய் நின்ற கழுகின் பக்கம் திரும்பியும் பாராமல் வெளியே வந்து படியிறங்கினார். சனம் வாயைப் பிளந்து பார்த்தது. “இடம் விடுங்கோ, இடம் விடுங்கோ, மாதா வாறா!” என்று சிவகுருநாதன் முன்னே ஓடினான். உருளைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த கிழவர் ஒன்றும் கேட்காமல் பெட்டிகளை இறக்கிவிட்டுத் தன் மேசையைத் துடைத்துக் கொடுத்தார். யாரோ ஒரு மனுசி மேசைக்குத் தன் பட்டுச் சால்வையை விரித்தாள்.

சுவாமி கைத்தொலைபேசியோடு கொஞ்சம் தள்ளிப் போய் மேலிடத்தில் யாரோடோ வாதாடினார். வியர்த்து வடியத் திரும்பி வந்தார். “சந்தையிலயோ எண்டு கேட்டார். ஓம், சந்தையிலதான் எண்டு சொல்லிப்போட்டன். செய்வம்.”

முந்நூறு பேரும் இஷ்டத்துக்கு மூச்சு விட்டார்கள். மெழுகுதிரி கொளுத்தினார்கள், சாம்பிராணி போட்டார்கள். புகை எழும்பிப் படிப்பக்கம் போவதைக் கண்டு, ஃபிரவ் வீசன்பிரிங்க் ஓடிப்போய்க் கோவில் கதவை உள்ளே நின்று இழுத்துச் சாத்தினார். கழுகைக் காப்பாற்றப் பின்னாலேயே ஓடிய டொக்டர் ஹாகன்கோட்டரும் நகரபிதாவும் அவரோடு உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள்.

இமெல்டா மாதாவுக்குக் கிட்டப் போனாள். அத்தனை நாளும் கழுகுக்குப் பிடித்த விளக்குக் கரி மாதாவின் முகத்திலும் படிந்து கிடந்தது. கன்னமும் கண்ணிமையும் கறுத்திருந்தன. அந்தக் கரிக்கு நிபுணர் வரவில்லை, கருவி வரவில்லை, ஒரு நாயும் கேட்கவில்லை. இமெல்டா பட்டுச் சேலைத் தலைப்பை நாக்கில் தொட்டு நனைத்து, பிள்ளையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி, நெற்றியிலிருந்து தொடங்கித் துடைத்தாள். சுவாமி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் துடைத்து முடியும்வரைக்கும் காத்துக்கொண்டு நின்றார்.